விபத்தில்லா நாட்களும் அச்சேறாத செய்திகளும்

அமெரிக்காவில் சாலை போடும் நடுத்தரக் கம்பெனிகள் பலவற்றில் ஊழியர்களுக்கென்று ஒரு செய்தி மடல் வெளிவருகிறது. தாத்தா தொடங்கி, மகன் வளர்த்து, பேரன் நடத்தும் கம்பெனிகளில் இது குடும்ப வழக்கம் போலவே ஆகிவிட்டது. உள்ளடக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதலில் தலைவரின் கடிதம், பிறகு புதிதாகக் கிடைத்த ஒப்பந்தங்கள், 25 ஆண்டு பணி முடித்த ரோலர் ஓட்டுநரின் படம், யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் மகள் பட்டம் வாங்கினாள் என்ற தகவல்கள். நடுவில் பாதுகாப்புக்கு ஒரு பத்தி. வெயில் காலம், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று அதில் ஒரு வரி இருக்கும். பக்கத்திலேயே, இத்தனை ஆயிரம் மணி நேரம் காயமே இல்லாமல் வேலை செய்த குழுவுக்கு மாமிச விருந்து கொடுத்த படமும் இருக்கும்.

இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆலைத் தொழிலாளிக்கு ஒரே கூரை, ஒரே வாசல். சாலைத் தொழிலாளி இந்த மாதம் ஒரு மாவட்டத்தில், அடுத்த மாதம் இன்னொன்றில். ஒரே கம்பெனியில் பத்து வருடம் வேலை செய்தும் ஒருவரையொருவர் பார்த்திராதவர்கள் உண்டு. அவர்களை ஒரு கூட்டமாக உணர வைப்பது இந்த நாலு பக்கம்தான். ஆனால் பாதுகாப்பைப் பற்றி ஆராய்கிறவர்கள் அந்த மடலில் அச்சானதைவிட அச்சாகாமல் போனதைத்தான் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு கம்பெனிக்குள் எந்தச் செய்தி ஓடுகிறது, எது பாதியில் நின்றுவிடுகிறது என்பதைப் பொறுத்தே அங்கே யார் உயிரோடு வீடு திரும்புகிறார்கள் என்பதும் அமைகிறது.

பாதுகாப்புப் பண்பாடு என்ற பேச்சு சாலையில் பிறந்ததல்ல. 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு சர்வதேச அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு அதை எழுப்பியது, 1991இல் விரிவான அறிக்கையாகவே வெளியிட்டது. சமூகவியலாளர் ரான் வெஸ்ட்ரம் இதற்கு ஓர் எளிய உரைகல் தந்தார். கெட்ட செய்தி கொண்டுவருபவனை ஒரு நிறுவனம் என்ன செய்கிறது என்று பாருங்கள் என்றார். சில இடங்களில் அவன் தலை உருளும். சில இடங்களில் அவன் சொன்னது ஃபைலில் போய்த் தூங்கும். சில இடங்களில் மட்டும் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து விவரம் கேட்பார்கள். சாலைக் கம்பெனிகளை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்க மேரிலாந்து மாநிலத்தின் இரண்டு விபத்துகள் உதவும். இரண்டும் பால்டிமோரை ஒட்டி, ஓராண்டு இடைவெளியில் நடந்தவை.

முதல் விபத்து 2023 மார்ச் 22 அன்று, பட்டப்பகலில். நகரைச் சுற்றி ஓடும் ஐ-695 நெடுஞ்சாலையின் நடுவே, இருபுறமும் கான்கிரீட் தடுப்புகளுக்குள் வேலை நடந்துகொண்டிருந்தது. மணிக்கு 88 கிலோமீட்டர் வேக வரம்புள்ள இடத்தில் இரண்டு கார்கள் ஏறக்குறைய 195 கிலோமீட்டர் வேகத்தில் வந்தன. தடம் மாறும்போது ஒன்றையொன்று உரசின. அதில் ஒரு கார் கட்டுப்பாடிழந்து, வேலைக்கான வாகனங்கள் வந்து போகத் தடுப்புகளுக்கு இடையே விட்டிருந்த திறப்பின் வழியாக உள்ளே பாய்ந்தது. ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள்.

மாநிலம் சும்மா இருக்கவில்லை. துணை ஆளுநர் அருணா மில்லர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. ஹைதராபாதில் பிறந்தவர், அரசியலுக்கு வருமுன் போக்குவரத்துப் பொறியாளராக வேலை பார்த்தவர் என்பதால் அவருக்கு இது அந்நியமான துறையல்ல. 2024இல் புதுச் சட்டம் வந்தது. சாலை வேலை நடக்கும் இடத்தில் கேமராவில் சிக்கும் வேகக்காரருக்கு அதுவரை 40 டாலர்தான் அபராதம். 2025 முதல் வேகத்தைப் பொறுத்து 60 முதல் 500 டாலர் வரை. தொழிலாளர்கள் இருக்கும் நேரமென்றால் அது இரட்டிப்பாகும்.

நியாயமான சட்டம்தான். அமெரிக்காவில் சாலை வேலை நடக்கும் இடங்களில் சமீப ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 900 பேர் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாகனங்களில் வந்தவர்களே. ஒவ்வொரு ஏப்ரலிலும் அதற்கென்று தேசிய விழிப்புணர்வு வாரம் நடக்கிறது. ஆரஞ்சு உடை போட்டுக்கொள்கிறார்கள், சாலை வேலையில் இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவுச் சுவரை ஊர் ஊராகக் கொண்டு போகிறார்கள். கம்பெனிச் செய்தி மடல்களுக்கும் இது பிடித்த விஷயம். எங்கள் அப்பா இங்கே வேலை செய்கிறார், மெதுவாகப் போங்கள் என்று குழந்தைகள் பலகை பிடித்து நிற்கும் படம் யார் மனதையும் தொடும். ஏன் பிடித்த விஷயம் என்று கேட்டால் விடை எளிது. இங்கே குற்றவாளி வெளியாள். முகம் தெரியாத, அவசரக்காரக் கார் ஓட்டி. கம்பெனி தன் கணக்கைத் திறந்து காட்ட வேண்டியதில்லை.

தடுப்புக்குள் நடப்பது வேறு கதை. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 2001இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. 1992 முதல் 1998 வரை சாலைக் கட்டுமானத் துறையில் நேர்ந்த 841 தொழிலாளர் மரணங்களை அது எடுத்துக்கொண்டது. அவற்றில் 465 மரணங்கள் வேலையிடத்துக்குள் வாகனங்களாலும் இயந்திரங்களாலும் நேர்ந்தவை. அந்த 465 பேரில் 318 பேர் தரையில் நின்றோ நடந்தோ வேலை செய்துகொண்டிருந்தவர்கள். அவர்கள்மீது ஏறியது வெளியிலிருந்து வந்த வாகனமா, கம்பெனியின் சொந்த வண்டியா என்று பிரித்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்டச் சரிபாதி. சொந்த வண்டி என்றால் பல முறை அது பின்னோக்கி வந்துகொண்டிருந்த டிப்பர் லாரி.

தார்ச்சாலை போடும் ஒரு குழுவைக் கிட்டே போய்ப் பார்த்தால் இது எப்படி நடக்கிறது என்று விளங்கும். கலவையைப் பரப்பும் பேவர் இயந்திரம் ஆள் நடக்கும் வேகத்தைவிட மெதுவாக நகரும். அதன் முன்னால் டிப்பர் பின்னோக்கி வந்து, கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்கும். பேவரே முன்னேறி வந்து, தன் முகப்பிலிருக்கும் உருளைகளை லாரியின் பின்சக்கரங்களில் பொருத்தி, நியூட்ரலில் நிற்கும் லாரியைத் தள்ளிக்கொண்டே போகும். லாரி தொட்டியைத் தூக்கிக் கலவையைக் கொட்டும். காலியானதும் அது விலகும், அடுத்தது பின்னோக்கி வரும். கலவை ஏறக்குறைய 150 டிகிரி சூட்டில் இறங்குகிறது. அது 80 டிகிரியை நெருங்கிவிட்டால் ரோலர் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் இறுகாது. ஆகவே எல்லோருக்கும் அவசரம். ஓரத்தைச் சரிசெய்ய மண்வாரியோடு ஒருவர், கனம் அளக்கக் குனிந்தபடி ஒருவர், லாரிக்குச் சைகை காட்ட ஒருவர். ஓட்டுநருக்குப் பின்பக்கம் பெரிய குருட்டுப் பரப்பு. ரிவர்ஸ் எடுத்தால் ஒலிக்கும் மணி உண்டு, அல்லது பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று சட்டமும் உண்டு. ஆனால் நாலு வண்டி சேர்ந்து பகல் முழுதும் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருக்கும் இடத்தில் அந்த ஒலி காதில் விழும், மூளைக்குப் போகாது.

இப்படி ஒரு வண்டி மயிரிழையில் ஒருவரை விட்டுவிட்டுப் போவது அந்தக் குழுவுக்குப் புதிதாக இருக்காது. திட்டுவார்கள், சிரிப்பார்கள், ஒரு சிகரெட் பற்றவைப்பார்கள், அடுத்த லாரி வந்துவிடும். மாலையில் அந்தச் செய்தி மேஸ்திரியைத் தாண்டுவதில்லை.

ஏன் தாண்டுவதில்லை? பயம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பயத்துக்குப் பின்னால் துல்லியமான கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு கம்பெனியின் காய விகிதம் கணக்கிடப்படும் முறை இது: பதிவு செய்ய வேண்டிய காயங்களின் எண்ணிக்கையை 2,00,000ஆல் பெருக்கி, மொத்த வேலை மணி நேரத்தால் வகுக்க வேண்டும். 100 பேர் ஓராண்டு முழுதும் உழைத்தால் 2,00,000 மணி நேரம் என்பது அடிப்படை. 50 பேர் வேலை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் ஓராண்டில் ஒருவருக்குக் கையில் தையல் போட்டால் விகிதம் 2. இன்னொருவருக்கும் போட்டால் 4. இரண்டாவது ஆளின் கட்டைவிரல் அந்தக் கம்பெனியின் தலையெழுத்தை மாற்றிவிடும். அதோடு பழைய காயங்களை வைத்துக் காப்பீட்டுத் துறை கணக்கிடும் அனுபவக் குறியீடு வேறு இருக்கிறது. அது 1க்கு மேல் போனால் பிரீமியம் ஏறும், வேலை கொடுக்கும் உரிமையாளர்கள் பலர் டெண்டர் படிவமே தரமாட்டார்கள். அதாவது காயத்தைப் பதிந்தால் அடுத்த வேலை போகும். வேலை போனால் அதே தொழிலாளியின் வீட்டிலும் அடுப்பு எரியாது. அவனுக்கும் இது தெரியும்.

இதன் மேல்தான் விருந்தும் பரிசும் வந்து உட்காருகின்றன. 90 நாள் காயமில்லாமல் போனால் குழுவுக்கு முழுக்க ஜாக்கெட் பரிசு என்றால், 88ஆம் நாள் விரல் நசுங்கியவன் எல்லோருடைய ஜாக்கெட்டையும் பிடுங்கியவனாகிறான். மேலாளர் வாயைத் திறக்கவே வேண்டாம், கூட வேலை செய்கிறவர்கள் பார்வையே போதும். இது வெறும் ஊகமும் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2009இல் தொழிற்சாலை மருத்துவர்களையும் செவிலியர்களையும் கேட்டது. காயத்தைப் பதிவேட்டில் ஏற்றாமல் இருப்பதற்காகக் குறைவான சிகிச்சையே தரும்படி நெருக்கடி வந்ததாக மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் சொன்னார்கள். மருந்துக் கட்டு போட்டால் முதலுதவி, தையல் போட்டால் பதிவு. நடுவில் இருப்பது ஒரு ஊசி நூல்.

இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றும் அந்த எண்ணுக்கு மதிப்பாவது உண்டா? கொலராடோ பல்கலைக்கழகத்தின் மேத்யூ ஹாலோவெல்லும் கூட்டாளிகளும் கட்டுமான நிறுவனங்களின் 17 ஆண்டு விவரங்களை எடுத்து அலசி 2020இல் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. பதிவான காய விகிதத்தின் ஏற்ற இறக்கத்தில் 96 முதல் 98 சதவீதம் வரை வெறும் தற்செயல் என்றார்கள். அந்த விகிதத்துக்கும் மரணங்களுக்கும் இடையே கண்டுபிடிக்கக்கூடிய தொடர்பு எதுவும் இல்லை என்றார்கள். போன காலாண்டைவிட இந்தக் காலாண்டில் விகிதம் குறைந்ததென்று மடலில் கைதட்டிக்கொள்வது, பெரும்பாலும் நாணயம் தலை விழுந்ததற்குக் கைதட்டுவதுதான்.

இந்த எண்ணைச் சுற்றி ஒரு பழைய நம்பிக்கையும் வேரோடிக் கிடக்கிறது. 1931இல் ஹெர்பர்ட் ஹைன்ரிச் என்ற காப்பீட்டுக் கம்பெனி அதிகாரி, தொழில் விபத்துகளில் 88 சதவீதத்துக்குத் தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலே காரணம் என்று எழுதினார். அவர் புரட்டியவை காப்பீட்டுக் கோப்புகளும் ஆலை முதலாளிகளின் பதிவேடுகளும். விபத்துக்குக் காரணம் என்ன என்ற கட்டத்தை நிரப்பியவர்களில் அடிபட்டவர் யாரும் இருந்திருக்க வாய்ப்பில்லை. அந்த 88 இன்னும் பயிற்சி வகுப்புகளில் உலவுகிறது. பாதுகாப்புப் பத்தி எழுதுகிறவரின் பேனாவிலும் அதுதான் மசி: கவனமாக இருங்கள், கண்ணாடி போடுங்கள், அலட்சியம் வேண்டாம்.

நம் ஊர்க் கட்டுமானத் தளங்களின் வாசலிலும் இதே பலகைதான் நிற்கிறது. கணக்கு மட்டும் வேறு. இந்தியத் தரநிலைப்படி 10 லட்சம் மணி நேரத்துக்கு இத்தனை காயம் என்று போடுகிறோம். விபத்தில்லா மனித மணி என்று லட்சக்கணக்கில் எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், ஒப்பந்தக்காரரின் கீழ் உள்ள ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை பார்க்கும் ஒடிசாக்காரரின் முறிந்த கை இந்தப் பலகைக்கு எந்த வழியாக வந்து சேர்ந்திருக்க முடியும் என்று யோசிப்பேன்.

இரண்டாவது விபத்தை உலகமே பார்த்தது. 2024 மார்ச் 26, அதிகாலை ஒன்றரை மணி. கொழும்புக்குப் புறப்பட்ட டாலி என்ற சரக்குக் கப்பல் மின்சாரம் இழந்து பால்டிமோரின் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. மாலுமிகளில் ஏறக்குறைய எல்லோரும் இந்தியர்கள் என்பதால் நம் பக்கத்திலும் அந்தச் செய்தி பெரிதாக ஓடியது. கப்பலிலிருந்து அபாயச் செய்தி போனதும் காவலர்கள் பாலத்தின் இருபுறமும் வண்டிகளை நிறுத்தினார்கள். பல உயிர்கள் பிழைத்தன. அதற்கான பாராட்டு முழுக்கத் தகும்.

பாலத்தின் மேலே எட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் ஆய்வாளர், ஏழு பேர் குழி அடைக்கும் சாலைப் பராமரிப்புக் குழு. குழுவினர் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார் என்று பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். இடைவேளை என்பதால் தங்கள் வண்டிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வாளர் ஓடித் தப்பினார், குழுவில் ஒருவர் நீரில் விழுந்து பிழைத்தார், ஆறு பேர் இறந்தார்கள். காவலர்களின் வானொலிப் பதிவில், மேலே ஆட்கள் வேலை செய்கிறார்கள், இன்னொரு வண்டி வந்து இங்கே நின்றுகொண்டால் நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்ற பொருளில் ஓர் அதிகாரி பேசுவது கேட்கிறது. அந்த இன்னொரு வண்டி வருவதற்குள் பாலம் இல்லை. 2025 நவம்பரில் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தந்த முடிவில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வண்டிகளை நிறுத்தச் சொன்ன அதே நேரத்தில் அந்தத் தொழிலாளர்களுக்கும் செய்தி போயிருந்தால், இடிந்து விழாத பகுதிக்கு வண்டியை ஓட்டிச்செல்ல அவர்களுக்கு அவகாசம் இருந்திருக்கக்கூடும் என்கிறது அது.

சாலையில் கார் ஓட்டி வருகிறவருக்குச் செய்தி போய்ச்சேர ஒரு வழி இருந்தது. சாலையைச் செப்பனிடுகிறவருக்கு இல்லை. அவர்கள் தலைக்கவசம் போட்டிருந்தார்களா, ஒளிரும் மேலுடை போட்டிருந்தார்களா என்ற கேள்விகளுக்கெல்லாம் இங்கே இடமே இல்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து மேஸ்திரியின் கைக்கு நேராக ஓர் இணைப்பு இருந்ததா என்பதுதான் கேள்வி. அந்த இணைப்பில் பேசுகிறவர் எந்த மொழியில் பேசுவார் என்பதும் அதோடு சேர்ந்ததே. தொழிலாளிக்குப் புரியும் மொழியில்தான் பயிற்சி தர வேண்டும் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையான ஓஷா 2010இல் கண்டிப்பாகச் சுற்றறிக்கை விட்டது. ஒரு துறை இதைத் தனியாகச் சுற்றறிக்கை போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அதுவரை காலையில் வேலைக்கு முன் நடந்த பாதுகாப்புப் பேச்சான டூல்பாக்ஸ் டாக் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச்சு, பிறகு தாளில் வரிசையாகக் கையெழுத்து. அந்தத் தாள் தொழிலாளியைக் காப்பாற்றாது. வழக்கு வந்தால் கம்பெனியைக் காப்பாற்றும்.

கீழிருந்து வரும் செய்தியைக் கேட்கவே தெரியாத துறை என்று இதைச் சொல்லிவிட முடியாது. பேவர் மேல் நிற்பவர்கள் தார்ப்புகையால் கண் எரிகிறது, தொண்டை கமறுகிறது என்று சொல்லிவந்தார்கள். 1990களின் நடுவில் நயோஷ், தார்ச்சாலை ஒப்பந்தக்காரர் சங்கம், தொழிற்சங்கங்கள், இயந்திரம் செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். 1997 ஜூலை முதல் நெடுஞ்சாலைக்கான புதிய பேவர் ஒவ்வொன்றும் புகையை உறிஞ்சி மேலே தள்ளும் அமைப்போடு வந்தது. சட்டம் போட்டு வந்ததல்ல, பேசி முடிவானது. சாலையைச் சுரண்டும் மில்லிங் இயந்திரங்களின் சிலிக்கா தூசிக்கும் பிறகு இதே வழியில் தீர்வு தேடினார்கள். புகையைப் பற்றிப் பேசும்போது யார் தப்பு செய்தார் என்ற கேள்வி எழுவதில்லை, எவருடைய விகிதமும் ஏறுவதில்லை. அதனால்தான் அந்தச் செய்தி தங்கு தடையில்லாமல் மேலே போய், இயந்திரத்தின் வடிவத்தையே மாற்றியது என்று நினைக்கிறேன். பின்னோக்கி வரும் லாரியின் செய்திக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

செய்தி மடலை வைத்தே இதைச் சரிசெய்யலாம் என்பதற்கு விமானத்துறையில் முன்மாதிரி இருக்கிறது. 1976 முதல் அமெரிக்க விமானிகள் தங்கள் தவறுகளையும் நூலிழையில் தப்பியவற்றையும் நாசா நடத்தும் ஒரு மையத்துக்கு ரகசியமாக எழுதி அனுப்பலாம். பெயரை நீக்கிவிட்டு, தேர்ந்தெடுத்தவற்றை கால்பேக் என்ற மாத மடலில் வெளியிடுகிறார்கள். அது 1979இலிருந்து வருகிறது. அதில் யாருக்கும் பதக்கமில்லை, விருந்துப் படமில்லை. நான் இப்படிச் செய்தேன், கிட்டத்தட்ட இடித்துவிட்டேன் என்று விமானிகள் தங்கள் வாயால் சொல்கிறார்கள், மற்ற விமானிகள் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். பேவர் குழுவிலும் சொல்லக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. நயோஷ் நடத்தும் மரண ஆய்வுத் திட்டம் கம்பெனி பெயரும் ஆள் பெயரும் இல்லாமல் இத்தகைய அறிக்கைகளை வெளியிட்டுத்தான் வருகிறது. ஆனால் அங்கே கதை தொடங்குவதற்கு ஒருவர் செத்திருக்க வேண்டும்.

தப்பியதைச் சொல்பவருக்கே பரிசு கொடுக்கலாமே என்று ஒரு கம்பெனி நினைத்தால் சட்டம் குறுக்கே நிற்காது. ஆபத்தையும் நூலிழைத் தப்பல்களையும் தெரிவிப்பதற்குப் பரிசு தரலாம் என்று ஓஷா 2018இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. உள்வட்டாரப் போக்குவரத்துத் திட்டம் என்று ஒன்றையும் நயோஷ் நெடுங்காலமாகப் பரிந்துரைக்கிறது. லாரி எங்கே நுழையும், எங்கே திரும்பும், நடப்பவர் கால் வைக்கக் கூடாத இடம் எது, பின்னோக்கி வருவதை எங்கெல்லாம் தவிர்க்கலாம் என்று ஒரு தாளில் வரைந்துவிடுவதுதான் அது. மேஸ்திரிக்கு அரை மணி நேர வேலை. நேற்று லாரி எந்த இடத்தில் எவரை உரசிப் போனது என்ற செய்தி அந்த மேஸ்திரிக்கு வராவிட்டால் அந்தப் படத்தில் எங்கே கோடு போடுவது?

ஹாலோவெல் குழு இப்போது காயங்களை எண்ணுவதை விட்டு வேறொன்றை எண்ணச் சொல்கிறது. ஆளைக் கொல்லக்கூடிய ஆற்றல் இருக்கும் இடங்களைத் தளத்தில் தேடிப் பார், அவற்றில் எத்தனைக்கு நேரடித் தடுப்பு இருக்கிறது என்று கணக்கிடு என்கிறார்கள். நேரடித் தடுப்பு என்றால் மனிதன் தவறு செய்தாலும் வேலை செய்கிற தடுப்பு. ஆரஞ்சுக் கூம்பு அந்தப் பட்டியலில் வராது. ஒளிரும் மேலுடை வராது, ரிவர்ஸ் மணி வராது, கையெழுத்துத் தாள் வராது. கான்கிரீட் சுவர் வரும். ஐ-695இல் சுவர் இருந்தது, அதில் வண்டிகளுக்கான திறப்பும் இருந்தது. தினமும் அதன் வழியாக டிப்பர் ஓட்டியவர்களுக்கு அந்த இடம் எப்படிப்பட்டது என்று எவரும் விளக்கத் தேவையில்லை. ஓராண்டு முழுதும் காயமே இல்லாத ஒரு தளத்துக்கு இந்த முறையில் பாதி மதிப்பெண்கூடத் தேறாமல் போகலாம். அந்த மதிப்பெண்ணைக் கம்பெனிகள் டெண்டரோடு இணைக்கும்படி கேட்கும் உரிமையாளர்கள் வரும்வரை, மடலின் நடுப்பக்கத்தில் விருந்துப் படம்தான் இருக்கும்.